மண், கல், கல்மரம்: பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்க

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாறையைப் படத்தில் காட்டிப் புரியவைப்பதைவிட ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவது சுலபம். அனுமதிக் கடிதம், தொப்பி, தண்ணீர் எல்லாம் உங்களுக்கே தெரியும். நேரே வேலைக்கு வருகிறேன்.

தேவையானவை: மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடி, சலவைத்தூள், பெரிய ஆணி, வினிகர், இங்க் பில்லர், கறுப்பு அட்டை. ஜாடியின் பக்கம் நேராக இருக்கட்டும்; தண்ணீர் பாட்டிலில் இருக்கும் வளையங்கள் அடுக்குகளை மறைத்துவிடும். உருப்பெருக்கிக்கு அகலமான பிளாஸ்டிக் லென்ஸே போதும். சுத்தியல் வேண்டவே வேண்டாம், சில்லு கண்ணில் தெறிக்கும்.

1. மண்

ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள். கட்டிகள் கரையும்வரை குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும். வண்டலுக்குச் சில மணி நேரம் ஆகும். களி மறுநாள்கூடக் கலங்கலாகவே நிற்கும். அதனால் ஜாடியை வகுப்பு ஜன்னலில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். வரப்பு மண்ணுக்கு ஒரு ஜாடி, ஏரி மண்ணுக்கு ஒரு ஜாடி என்று வைத்தால் வித்தியாசத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

2. கல்

எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். சுண்ணாம்புக் கல்லில் வினிகர் பட்டால் நுரைக்கும் என்று படித்திருப்பீர்கள். முழுக் கல்லின் மேல் விட்டால் பெரும்பாலும் வழிந்து ஓடிவிடும், நுரையும் கண்ணில் படாது. ஆணியால் கல்லைச் சுரண்டி, உதிரும் பொடியைக் கறுப்பு அட்டையில் தட்டி, அதன்மேல் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். லென்ஸை வைத்துப் பார்த்தால் பொடியிலிருந்து குமிழ்கள் கிளம்புவது நன்றாகத் தெரியும்.

அதற்கு முன் வெறும் தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்த மண்கட்டியிலும் துளையுள்ள கல்லிலும் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும்போது தண்ணீருக்கே குமிழ் வரும். இதைத் தவிர்த்தால் பிள்ளைகள் எடுத்துவரும் பாதிக் கல் சுண்ணாம்புக் கல்லாகிவிடும்!

கருங்கல் ஜல்லி நுரைக்காது. சுக்கான் கல் (மண்ணில் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டி) நுரைக்கும். அப்புறம், கரையில் கிடக்கும் காலி நத்தை ஓட்டையும் பொடித்துச் சோதியுங்கள். அதுவும் நுரைக்கும், ஏனென்றால் இரண்டிலும் இருப்பது கால்சியம் கார்பனேட்.

(எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். ஆனால் சக்கை, கொட்டை, கூடவே எறும்பு. என் ஓட்டு வினிகருக்கே. ஆய்வகத்து அமிலத்தைச் சின்னப் பிள்ளைகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.)

3. புதைபடிவம்

நத்தை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டே அரியலூரைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. சிமென்ட் ஆலைகளுக்காக அங்கே வெட்டும் சுண்ணாம்புக் கல்லில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

கூட்டிப்போவதற்கு என் தேர்வு, விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் இருக்கும் கல்மரப் பூங்கா. அங்கே கிடக்கும் மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு. மரத்தின் பொருள் இருந்த இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டதால் இழையோட்டம்கூட அப்படியே தெரியும். போனதும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காமல், “வேர் எங்கே, கிளை எங்கே?” என்று கேளுங்கள். தேடிவிட்டு இல்லை என்பார்கள். வேறெங்கோ வளர்ந்த மரங்கள் ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்பதற்கு அதுதான் தடயம். அங்கே ஆணியும் வினிகரும் பையைவிட்டு வெளியே வரக்கூடாது. ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது.

பிற்சேர்க்கை 1: கருங்கல்லும் நுரைக்கிறதே என்று ஒரு ஆசிரியை கேட்டிருந்தார். பழைய சுவரிலிருந்து விழுந்த கல்லா என்று பாருங்கள். ஒட்டியிருக்கும் சுண்ணாம்பும் காரையும்தான் நுரைக்கும். உடைந்த கான்கிரீட்டும் அப்படித்தான்.

பிற்சேர்க்கை 2: பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறீர்கள். அம்மோனைட்டுகள் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் உயிரிகள்) கிடைத்த அருமையான இடம்தான், ஆனால் நிழலே கிடையாது. மண் அரித்த பள்ளங்கள் வேறு. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம் என்பேன். பெரிய பிள்ளைகள் என்றால் டிசம்பர், ஜனவரியில் வெயில் ஏறுவதற்குள் திரும்புகிற மாதிரி போங்கள். தரையில் கண்ணாடிபோல மின்னுவது ஜிப்சம். நகத்தால் கீறினாலே கோடு விழும்.