ஐம்பதாவது டர்னிலும் ஒரே நகரம்: நான் மாற்றிய தொடக்கம்

நகரங்கள் அமைத்து நாட்டை வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6-இல் ஐம்பதாவது டர்ன் (ஆட்டச் சுற்று) வந்தும் எனக்கு ஒரே நகரம்தான் இருக்கும். சுற்றியுள்ள நல்ல நிலமெல்லாம் அடுத்தவர் கைக்குப் போயிருக்கும். எடுத்தவுடனே உலக அதிசயம் கட்ட உட்கார்ந்ததுதான் காரணம்.

இப்போது நகரத்தில் முதலில் ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்), அப்புறம் ஸ்லிங்கர் (கவண் வீரர்), பிறகு செட்லர் (புது நகரம் அமைப்பவர்) உருவாக்குகிறேன். நகரத்தின் மக்கள்தொகை 2 ஆகும்வரை செட்லரைத் தொடங்கவே முடியாது என்பதால் இந்த வரிசை இயல்பாகப் பொருந்துகிறது.

ஆனால் என்னை உண்மையில் காப்பாற்றியது காட்டுமிராண்டிகளின் ஸ்கவுட்டைக் கவனிக்கப் பழகியதுதான். அது நம் நகரத்தைப் பார்த்துவிட்டால் தலைமேல் ஆச்சரியக்குறி தோன்றும். முகாமுக்குத் திரும்பிச் சேர்ந்தால் படை கிளம்பிவிடும். பின்னால் துரத்தாதீர்கள், அதற்கு வேகம் அதிகம். முகாம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, அந்த வழியில் வீரனை முன்கூட்டியே நிறுத்துங்கள். ஸ்லிங்கர் எட்ட நின்று அடிக்கட்டும்.

இடம் பார்க்கும்போது தண்ணீர் முக்கியம். ஆற்றங்கரை நகரத்துக்குத் தொடக்கத்தில் 5 குடியிருப்பு (மக்கள்தொகை எதுவரை தடையின்றி வளரலாம் என்ற அளவு), கடலோரத்துக்கு 3, இரண்டும் இல்லையென்றால் வெறும் 2. இதற்காகத் தலைநகரை ஒரு டர்ன் தள்ளி அமைத்தாலும் சரி. நான்கைந்து டர்ன் அலைந்தது மட்டும் எனக்கு ஒருமுறைகூடப் பலன் தரவில்லை.

போன ஆட்டத்தில் அதே ஐம்பதாவது டர்னில் மூன்று நகரங்கள் இருந்தன.