டிலே பெடலில் தாளம் பிடிக்கும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் எங்கள் சபையில் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவன் புது டிலே பெடலோடு (வாசித்ததைச் சற்றுத் தள்ளி எக்கோவாகத் திருப்பித் தரும் கருவி) ரிகர்சலுக்கு வந்தான். பத்தே நிமிஷத்தில், பல வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தப்பைச் செய்தான். கேபிளை மாற்றிச் செருகுவது, அடாப்டரை மறந்துவிட்டு வருவது எல்லாம் தானாகவே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு அடியை ‘த-க-தி-மி’ என்று நாலாகப் பிரியுங்கள். கை வாசிப்பது த, தி இரண்டை மட்டும். எக்கோ மூன்று மாத்திரை தள்ளி வரவேண்டும். அப்போது ‘த’வின் எக்கோ ‘மி’யில் விழும்; ‘தி’யின் எக்கோ அடுத்த அடியின் ‘க’வில் விழும். வாசிப்பது இரண்டு, கேட்பது நாலு. டாட்டட் எய்த் என்பது இதுதான். 1980களிலிருந்து யூ2 குழுவின் தி எட்ஜ் வாசிப்பில் நாம் கேட்கும் அந்த ஓட்டமும் இதுதான். 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிஷத்துக்கு எத்தனை அடி என்ற எண்) வகுத்து, வருவதில் முக்கால் எடுங்கள். 120 பிபிஎம்முக்கு 375 மில்லிசெகண்ட்.

வீட்டில் வைத்த டைமை மேடைக்குக் கொண்டுபோவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தரும் தப்பு இது. ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு, பாட்டின் ரெக்கார்டிங்கைக் கேட்டு 375 வைத்தேன். குமிழ் நகராதபடி மேலே டேப்பும் ஒட்டினேன். அன்று கூட்டம் உற்சாகமாக இருந்தது. டிரம்மர் 126-இல் ஆரம்பித்துவிட்டார். அந்த வேகத்துக்கு வேண்டியது 357. முதல் எக்கோ 18 மில்லிசெகண்ட் தாமதம். அது காதில் அவ்வளவாக உறுத்தாது. ஆனால் தாமதம் கூடிக்கொண்டே போகும்: இரண்டாவது எக்கோவில் 36, மூன்றாவதில் 54. அந்த வேகத்தில் ஒரு மாத்திரையே சுமார் 119தான். ஆக மூன்றாவது எக்கோ இரண்டு மாத்திரைக்கு நடுவில், எங்கும் சேராமல் விழுந்தது.

அதைவிடக் கேடு அடுத்து நடந்தது. சத்தம் குழம்பியதும் என் கை எக்கோவின் பக்கம் சாய்ந்துவிட்டது. எக்கோ மெதுவாக வந்தது, நானும் மெதுவானேன், டிரம்மர் தன் வேகத்தில் போனார். பேஸ் வாசித்தவர் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பல்லவியில் தடுமாறினார்கள். மாசக்கணக்காகப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் அவர்கள்.

எக்கோ வழிகாட்டி கிடையாது. டிரம்மர் தாளம் காட்டும் இரட்டைத் தட்டான ஹை-ஹேட்டைக் கேளுங்கள். பெடலில் டேப் டெம்போ (காலால் தட்டியே வேகத்தை வைக்கும் வசதி) இருந்தால், அவர் குச்சி தட்டி எண்ணும்போதே காலால் நாலு தட்டு தட்டுங்கள். சரணத்துக்குப் போகும் முன் இன்னொரு முறை தட்டுங்கள். டேப் வசதி இல்லையென்றால், ரிகர்சலில் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி, ‘த’வில் மட்டும் அடித்தபடி, எக்கோ ‘மி’யில் உட்காரும்வரை குமிழைத் திருகுங்கள். டிரம்மர் கிளிக் (காதில் தாளம் எண்ணும் ‘டிக்’ சத்தம்) கேட்டு வாசிப்பவர் என்றால் உங்கள் காதிலும் அதே கிளிக் இருக்கட்டும். அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். “அண்ணா, ரெக்கார்டிங்ல 120தானே?” என்றான். ரெக்கார்டிங் சபைக்கு வந்து வாசிக்கப்போவதில்லை, தம்பி.

டாட்டட் மோடில் எக்கோவையே தட்டுவது

சில பெடல்களில் டாட்டட் எய்த்தைத் தானே கணக்கிடும் மோடு உண்டு. அந்த மோடில் அடியை மட்டும் தட்டுங்கள், முக்காலைப் பெடல் பார்த்துக்கொள்ளும். எக்கோவைத் தட்டினால் 375-க்கும் முக்கால் போட்டு 281-இல் கொண்டுபோய் நிறுத்தும்.

ஃபீட்பேக்கை ஏற்றுவது

எக்கோ எத்தனை முறை திரும்ப வரும் என்பதை வைப்பது ஃபீட்பேக். ‘த’வின் இரண்டாவது எக்கோ எங்கே விழும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த அடியின் ‘தி’யில், அதாவது நீங்கள் வாசிக்கும் சுரத்தின் மேலேயே. கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறாதவரை இனிமைதான். மாறிவிட்டால் பழைய கார்டின் சுரம் புதியதோடு உரசும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு எக்கோ போதும்.

லெவலுக்குப் பயப்படுவது

எக்கோ கிட்டத்தட்ட கையின் சத்தத்துக்கே வரவேண்டும். இல்லையென்றால் ‘க’வும் ‘மி’யும் கேட்காது.

டிஸ்டார்ஷனுக்கு முன்னால் டிலே

சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னால் டிலேயைச் செருகுவது இந்த வேலைக்கு வேண்டாம்.

6/8 பாட்டிலும் அதே அமைப்பு

நம் கீர்த்தனைகளில் பல 6/8-இல் ஓடுபவை. அங்கே அடி மூன்றாகப் பிரிகிறது. நாலில் மூன்று என்ற கணக்குக்கு இடமே இல்லை. அந்தப் பாட்டு வந்ததும் பெடலை மிதித்து அணைத்துவிட்டு வாசியுங்கள்.