டெல்டாவில் வீடு கட்டுவோர் கட்டண விலக்கை இழக்காமல் பெறும் வழி

தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறைக் கட்டட அனுமதித் திட்டத்தின்படி, 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், மொத்தம் 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமாகவோ அதன்மேல் ஒரு மாடியுடனோ வீடு கட்டுவோருக்குப் பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணமும் முழுமையாக விலக்கப்பட்டுள்ளன. அனுமதி இணையத்திலேயே உடனுக்குடன் கிடைக்கும். வீடு முடிந்தபின் நிறைவுச் சான்றிதழ் வாங்க வேண்டியதும் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு எழுப்பும் குடும்பங்களுக்கு இது உண்மையான உதவி. அந்த உதவி கைநழுவிப் போவது பெரும்பாலும் மனையின் அளவிலும் பட்டாவிலும்தான் என்பதால், விண்ணப்பத்துக்கு முன் அவை இரண்டையும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில் அளவு. நம் பகுதியில் நிலத்தைக் குழி, மா என்றே இன்னும் பேசுகிறோம். ஒரு குழி 144 சதுர அடி. ஆகவே 17 குழி மனை வரம்புக்குள் அடங்கும், 18 குழி அடங்காது. சென்ட் கணக்கில் ஐந்தரை சென்ட் அடங்கும்; ஐந்தே முக்கால் சென்ட் என்றால் ஏறக்குறைய 2,505 சதுர அடி ஆகிவிடும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் உறவினர் ஒருவர் அப்படியொரு மனையை ஆசையாக வாங்கிவிட்டு, ஐந்து சதுர அடிக்கும் குறைவான மிகுதியால் விலக்கு கிடைக்காமல் தவித்ததை உடனிருந்து பார்த்திருக்கிறேன். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும்: 0 - 2.32 என்றால் ஏறத்தாழ 2,497 சதுர அடி, 0 - 2.33 என்றால் வரம்பைத் தாண்டிவிட்டது. மனை வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். வரம்பைத் தாண்டினாலும் வீடு கட்டத் தடையில்லை. உரிய கட்டணங்களைச் செலுத்தி வழக்கமான முறையில் அனுமதி பெறலாம்.

அடுத்தது பட்டா. தாத்தா பெயரிலோ பங்காளிகளுடன் கூட்டாகவோ பட்டா இருந்தால், பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, உட்பிரிவுக்கு மனுக் கொடுத்து, தனிப்பட்டா பெற்றுவிடுங்கள். நில அளவையர் வந்து அளந்து முடிக்க நாளாகும் என்பதால், கோடையில் அடித்தளம் தோண்ட நினைப்பவர்கள் தை அறுவடை முடிந்த கையோடு இந்த வேலையைத் தொடங்குவது நல்லது. பத்திரம், பட்டா, புலப்படம் (நில அளவைத் துறையின் வரைபடம்) ஆகிய மூன்றிலும் சர்வே எண்ணும் பரப்பும் ஒத்திருக்க வேண்டும். மனையின் நான்கு பக்கங்களையும் நீங்களே நாடா பிடித்து அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நஞ்சையைத் தூர்த்துப் போட்ட மனைகளில் மிகுந்த கவனம் தேவை. விளைநிலத்தை மனையாக மாற்ற நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி தனி அனுமதி வேண்டும். விற்பவர் காட்டும் வரைபடத்தை அந்த அனுமதியாகக் கொள்ள முடியாது. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு என்றால், 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கு 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை உத்தரவு (மனையை முறைப்படுத்தித் தரும் ஆணை) உள்ளதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். கோயில் அடிமனையில் தலைமுறைகளாகக் குடியிருந்தாலும் நிலம் கோயிலுக்கே உரியது என்பதால், அதைச் சொந்த மனையாகக் காட்டி விண்ணப்பிக்கக் கூடாது.

இவை சரியாக இருந்தால் மீதி எளிது. பதிவு பெற்ற பொறியாளரிடம் வரைபடம் தயாரித்து, ஆவணங்களையும் மனையின் புகைப்படத்தையும் ஒற்றைச்சாளர இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். விலக்கு என்றதும் ஒரு ரூபாயும் செலவில்லை என்று எண்ணிவிட வேண்டாம்: உள்ளாட்சி அமைப்புக்கு உரிய ஒருங்கிணைந்த கட்டணம் சதுர அடிக் கணக்கில் உண்டு, அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று மாறுபடும். விண்ணப்பத்தில் தரும் தகவல்கள் சரியானவை என்ற உறுதிமொழியில் கையெழுத்திடுவது நீங்கள்; தகவல் தவறாக இருந்தால் பொறுப்பும் உங்களுடையதே. ஆகவே, அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் நீங்களே படித்துப் பார்த்த பின்பே கையெழுத்திடுங்கள்.