மலேரியா மாத்திரைக்கு முன்: சிவப்பணுக்களின் மரபை அறிந்துகொள்ளும் முறை

மரபுவழி ரத்தக் குறைபாடு உள்ளவர்களை மலேரியா அண்டாது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடு காய்ச்சலை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது ஆபத்தானது.

முதலில், சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் அரிவாள் அணு மரபைப் பார்ப்போம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்கள் தீவிர மலேரியாவிலிருந்து பெருமளவு தப்புகிறார்கள் என்பது, 1954இல் மருத்துவ ஆய்வாளர் ஆந்தனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வுகளால் தெரியவந்தது. கிருமி புகுந்த அணு எளிதில் வளைந்து மண்ணீரலில் அழிக்கப்படுவது அதற்கான காரணங்களில் ஒன்று. ஆனால் இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு மலேரியா கடும் சோகையை உண்டாக்கி உயிருக்கே உலை வைக்கலாம். அவர் காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரிவாள் அணு உண்டா என்று மட்டும் பார்க்கும் கரைதிறன் சோதனை இரு நிலையினருக்கும் ஒரே முடிவைத் தரும் என்பதால், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி அல்லது எலக்ட்ரோஃபோரிசிஸ் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். இந்தியாவில் இம்மரபு 1952இல் முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். எனவே அப்பகுதிக் குடும்பங்கள் இதைத் தள்ளிப்போடலாகாது.

சிவப்பணுக்களைச் சிதையாமல் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டில் சிக்கல் வேறு விதமானது. ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கும் வலு குறைந்த அணுவில் கிருமி செழிப்பதில்லை என்று கருதப்படுகிறது. ஆனால் வைவாக்ஸ் என்ற வகை மலேரியா திரும்ப வராமலிருக்க, கல்லீரலில் உறங்கும் கிருமியைக் கொல்லத் தரப்படும் பிரைமாகுயின் மாத்திரை தாக்குவதும் அதே பலவீனத்தைத்தான்; அதனால் சிவப்பணுக்கள் அழியக்கூடும். ஆகவே அம்மாத்திரையைத் தொடங்குமுன் ஜி6பிடி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதன் முடிவுக்காக, காய்ச்சலைத் தணிக்கும் முதற்கட்டச் சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. பிரைமாகுயினைச் சற்றுப் பின்னர் தொடங்கலாம்.

இக்குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால், நோயாளி ஆணாக இருந்தால் தாய்மாமன்களில் யாருக்காவது ஏதேனும் மருந்துக்குப் பின் சிறுநீர் கறுத்ததா, மஞ்சள் காமாலை கண்டதா என்று விசாரியுங்கள். ஒரு மரபணு மட்டும் பழுதான பெண்களுக்கு, மேலோட்டமான சோதனை இயல்பு என்றே காட்டக்கூடும். நொதியின் அளவைக் கணக்கிடும் சோதனை அவர்களுக்கு மேலானது. குறைபாடு உறுதியானால், வழக்கமான 14 நாள் முறைக்குப் பதிலாக, உடல் எடையில் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் வாரம் ஒருமுறை, 8 வாரங்களுக்கு மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் பிரைமாகுயின் தரும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் முன்வைக்கிறது. நீங்களாக அளவைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு பிரைமாகுயின் தரப்படுவதில்லை. வயிற்றிலுள்ள குழந்தையின் நொதி நிலையை அறிய வழியில்லாததே காரணம்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரம் சிறுநீரின் நிறத்தை நாள்தோறும் கவனியுங்கள். அது கறுந்தேநீர் நிறத்துக்கு மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ, கண் மஞ்சளானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அணுக்கள் அழிந்த வேளையில் எடுக்கும் ஜி6பிடி சோதனையை மட்டும் நம்பாதீர்கள். புதிதாகப் பிறந்த இளம் அணுக்களில் நொதி மிகுந்திருப்பதால் முடிவு இயல்பாகத் தோன்றலாம். சுமார் 3 மாதங்கள் கழித்து மறுபடியும் சோதித்துக்கொள்ளுங்கள்.