லேப்டாப் ஆன் ஆகவில்லையா? ஃபார்மேட் போடுவதற்கு முன் ஃபைல்களை வெளியே எடுங்கள்

போன மாதம் காரைக்குடியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "தம்பி, லேப்டாப்புல லோகோ வருது, புள்ளி புள்ளியா சுத்துது, அப்புறம் நீலக் கலர்ல ஏதோ வந்து நின்னுடுது. கடைக்காரர் ஃபார்மேட் போட்டாத்தான் ஆகும்ங்கிறார். போட்டுடச் சொல்லவா?"

சித்தப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊர் வரலாறு ஒன்றைப் பல வருடமாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். பேக்கப் கிடையாது. "ஒண்ணும் பண்ண வேண்டாம் சித்தப்பா, வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுங்க, சனிக்கிழமை நான் வர்றேன்" என்றேன். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஃபைல்களை எடுங்கள். ரிப்பேர் அப்புறம். விண்டோஸ் தானாகக் காட்டும் 'ரீசெட்', கடைக்காரர் சொல்லும் ஃபார்மேட், யூடியூபில் சொல்லும் 'செக் டிஸ்க்' எல்லாமே டிஸ்க்கில் எழுதும் வேலைகள். டிஸ்க் ஏற்கெனவே நோயாளியாக இருந்தால் செக் டிஸ்க்கே அதை முடித்துவிடலாம்.

என்ன மாதிரி 'ஆன் ஆகவில்லை'?

பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லையா? சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். நம்ப மாட்டீர்கள், பாதிக் கேஸ் இதிலேயே எழுந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பா? டிவியில் எச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பாருங்கள். அதில் படம் வந்தால் போனது திரைதான், ஃபைல்கள் பத்திரம். டிவியிலும் வரவில்லை என்றால் ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி போடுங்கள்.

உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது பழைய வகை ஹார்டு டிஸ்க்கின் ஹெட் தடுமாறும் சத்தம். மேற்கொண்டு ஓட்ட ஓட்ட உள்ளே தட்டு கீறிக்கொண்டே போகும். அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. ஃப்ரீசரில் வைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும்.

லோகோ வரை வருகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் நீங்களும் சித்தப்பா கேஸ்தான். மேலே படியுங்கள்.

பென் டிரைவில் லினக்ஸ்

லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸ் மாதிரியே ஓர் இயங்குதளம், பென் டிரைவிலிருந்தே ஓடும். வேறொரு கம்ப்யூட்டரில் அதன் ஐஎஸ்ஓவை (முழு சிஸ்டமும் அடங்கிய ஃபைல்) இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுத உதவும் மென்பொருள்கள் ரூஃபஸ், எட்சர், இரண்டில் எதுவும் சரி. வென்டாய் என்ற இன்னொன்று எனக்குப் பிடிக்கும், ஆனால் செக்யூர் பூட் (அங்கீகரித்த சிஸ்டத்தை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) இருக்கும் மெஷினில் முதல் தடவை அது ஒரு சாவிப் பதிவு கேட்டுக் குழப்பும், புதியவர்களுக்கு வேண்டாம். உபுண்டுவும் சரிதான். எனக்கு மின்ட் பிடிக்கக் காரணம், விண்டோஸ் பழகியவர்கள் அதில் மிரள மாட்டார்கள்.

பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு (எந்த டிரைவிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பட்டியல்) கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஃப்9. ஏசூஸில் பெரும்பாலும் எஸ்கேப். மின்ட் மெனு வந்ததும் முதல் வரியைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால்' என்று ஒரு ஐகான் தெரியும். அதன் பக்கமே போகாதீர்கள். நாம் விருந்தாளியாக வந்திருக்கிறோம், குடியேற வரவில்லை.

இன்னொன்று: பென் டிரைவ் பூட் ஆகவில்லை என்று பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ்) செக்யூர் பூட்டை உடனே ஆஃப் செய்யாதீர்கள். மின்ட் செக்யூர் பூட்டோடே ஏறும். ஆஃப் செய்தால் அடுத்த தடவை விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்விதான் எனக்கு ஒரு முழு மதியத்தைத் தின்றது.

பிட்லாக்கர் என்னும் பூட்டு

மின்ட்டில் ஃபைல் மேனேஜரைத் திறந்து விண்டோஸ் டிரைவைக் கிளிக் செய்தேன். பாஸ்வேர்டு கேட்டது. சித்தப்பாவின் லாகின் பாஸ்வேர்டு, பின் நம்பர், பேரன் பிறந்தநாள் எதுவும் எடுபடவில்லை.

மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு விண்டோஸைத் தொடங்கினால், பல லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடும். அந்தப் பூட்டின் பெயர்தான் பிட்லாக்கர். நாம் தினமும் போடும் பாஸ்வேர்டு அதைத் திறக்காது. அதற்கென்று 48 இலக்கத்தில் ஒரு ரிகவரி கீ தனியாக உண்டு. அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அந்தக் கணக்குக்குள் போய், டிவைஸ் விவரத்தில் பிட்லாக்கர் கீ என்று தேடினால் கிடைக்கும்.

"எனக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கெல்லாம் கிடையாதுப்பா" என்றார் சித்தப்பா. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில்தான் தெரிந்தது, லேப்டாப் வாங்கியபோது பெங்களூரில் இருக்கும் தங்கச்சி தன் கணக்கைப் போட்டு எல்லாம் செட் செய்து கொடுத்திருக்கிறாள். கீ அவள் கணக்கில்! அதனால் உங்கள் வீட்டிலும் முதலில் கேளுங்கள்: இந்த லேப்டாப்பை முதன்முதலில் திறந்து அமைத்தது யார்? அலுவலக லேப்டாப் என்றால் கீ அலுவலக ஐடி பிரிவிடம் இருக்கும்.

தங்கச்சி ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே போனில் வாசித்தாள். நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டம். போட்டேன், தவறு என்றது. இரண்டு தப்புகள் செய்திருந்தேன்.

ஒன்று, எண்களை ஒரே மூச்சாக அடித்தேன். விண்டோஸின் நீலத் திரையில் கோடு தானாக வரும், லினக்ஸில் வராது. ஒவ்வொரு ஆறு இலக்கத்துக்கும் நடுவே சிறு கோடு நீங்களேதான் போட வேண்டும். ஏழு கோடும் சேர்த்து மொத்தம் 55 எழுத்து.

கோடு போட்டும் திறக்கவில்லை. மறுபடி வாசிக்கச் சொல்லலாம் என்றால் அவள் மீட்டிங்குக்குள் போய்விட்டாள். அப்போதுதான் எங்கோ படித்தது ஞாபகம் வந்தது: அந்த எட்டுக் கட்டத்தில் ஒவ்வொன்றும் 11ஆல் மீதியின்றி வகுபடும். உதாரணத்துக்கு 135795ஐ 11ஆல் வகுத்தால் 12345. ஓர் இலக்கம் மாறினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ மீதி வந்துவிடும். போன் கால்குலேட்டரில் ஒவ்வொன்றாக வகுத்தேன். ஆறாவது கட்டத்தில் தசமப் புள்ளி வந்தது. அதில் 'ஃபைவ்' என்று அவள் சொன்னதை 'நைன்' என்று எழுதியிருந்தேன். மாற்றினேன், கதவு திறந்தது. போனில் எண் வாங்கினால் அஞ்சு, ஒம்பது என்று தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

கீ எங்குமே கிடைக்கவில்லை என்றால்? அந்த டிஸ்க்கை யாராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

எதை, எங்கிருந்து எடுப்பது

டிரைவ் 'படிக்க மட்டும்' நிலையில் திறந்தால் பதற வேண்டாம். விண்டோஸ் முழுதாக அணையாததால் வருவது அது. நமக்கு அதுவே பாதுகாப்பு.

'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் பெயரைத் திறந்து 'டெஸ்க்டாப்' போனால் சித்தப்பாவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. மனிதர் முகம் வெளுத்துவிட்டது. ஒன்டிரைவ் இயங்கும் மெஷினில் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் 'ஒன்டிரைவ்' ஃபோல்டருக்கு உள்ளே மாறியிருக்கும். அங்கே இருந்தது. சில ஃபைல்கள் மட்டும் திறக்காமல் அடம் பிடிக்கும். அவை இந்த டிஸ்க்கில் இல்லாமல் ஆன்லைனில் மட்டும் இருப்பவை. பிரவுசரில் கணக்குக்குள் போய் இறக்கிக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுபவர்கள் பலர் மறப்பது ஃபாண்ட். சித்தப்பாவின் பழைய அத்தியாயங்கள் எல்லாம் வானவில் எழுத்துருவில் அடித்தவை. ஃபைலை மட்டும் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பாமினிக்கும் இதே கதிதான். 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபாண்ட்ஸ்' முழுவதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்து வைக்கும் டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ இங்கேதான் மாட்டும். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்த டிரைவ் நல்லது. எந்த டிரைவை ஃபார்மேட் செய்கிறோம் என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்!

காப்பி முடிந்ததும் நான்கைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மின்ட்டை மூட வேண்டும்.

இனி ரிப்பேர்

இது சுருக்கம். விண்டோஸின் நீலத் திரையில் 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுத்தேன், பயனில்லை. அடுத்து 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' போய்க் கடைசியாக வந்த குவாலிட்டி அப்டேட்டை நீக்கினேன். பத்து நிமிடத்தில் விண்டோஸ் வந்துவிட்டது. ஃபார்மேட்டே தேவைப்படவில்லை.

பிறகு சேர்த்தது: மின்ட்டில் டிஸ்க்கே தெரியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பயாஸில் ஸ்டோரேஜ் 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' என்று இருந்தால் இப்படி ஆகலாம். 'ஏஎச்சிஐ' ஆக மாற்றி ஃபைலை எடுங்கள். விண்டோஸுக்குத் திரும்பும் முன் பழையபடி மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது புதிதாக மக்கர் செய்யும். பிட்லாக்கர் கீயைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று: மதர்போர்டே போய்விட்ட ஒருவர், எஸ்எஸ்டியைக் கழற்றி எம்.2 என்க்ளோஷரில் (பட்டை வடிவ எஸ்எஸ்டியை யூஎஸ்பியில் இணைக்கும் பெட்டி) போட்டும் வரவில்லை என்றார். போட்டோ அனுப்பச் சொன்னேன். எஸ்எஸ்டி சாட்டா வகை, வாங்கிய என்க்ளோஷர் என்விஎம்இ என்ற வேறு வகைக்கு மட்டுமானது. பார்வைக்கு இரண்டும் ஒரே பட்டை. முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் என்விஎம்இ. இரண்டையும் ஏற்கும் என்க்ளோஷர் கடையில் கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூட. அதையே வாங்குங்கள்.