முதல் வெயிலை நம்பாதீர்கள்: இளவேனில் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடுங்குளிர் விலகி நாலு நாள் வெயில் அடித்ததுமே, எங்கள் பொதுத் தோட்டத்தில் புதிதாக இடம் எடுத்தவர்கள் மண்வெட்டியோடு வந்து நின்றுவிடுகிறார்கள். தொடக்கத்தில் நான் செய்த அதே காரியங்களை அதே உற்சாகத்தோடு அவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பது எளிதல்ல. தண்ணீர் ஊற்ற மறப்பது, நிழலில் தக்காளி நடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் செடியே சில நாட்களில் சொல்லிக்கொடுத்துவிடும். சோம்பேறிகள் செய்ய வாய்ப்பே இல்லாத, சுறுசுறுப்பானவர்கள் மட்டுமே செய்யும் தவறுகள்தாம் எனக்குக் கவலை தருகின்றன.

ஈரம் காயாத மண்ணைக் கொத்துவது

இந்த ஒன்றைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. பனி உருகிய நீரும் குளிர்கால மழையும் அடியில் தேங்கியிருக்கும்போதே, மண்ணின் மேற்பரப்பு மட்டும் வெளிறிக் காய்ந்து, எல்லாம் தயாராகிவிட்டது போன்ற ஒரு தோற்றத்தைத் தரும். நல்ல மண்ணின் கனஅளவில் ஏறக்குறையப் பாதி வெறும் துளைகள்தாம்; நீர் வடிவதும், வேருக்குக் காற்று கிடைப்பதும், மண்புழு நகர்வதும் அந்தத் துளைகளின் வழியாகத்தான். ஈரக் களிமண்ணை மிதித்தாலோ கொத்தினாலோ துகள்கள் வழுக்கி ஒன்றோடொன்று ஒட்டிப் படிய, பெரிய துளைகள் முதலில் நசுங்கிவிடுகின்றன. மண்வெட்டி இறங்கிய பக்கம் மெழுகிய தரையைப் போலப் பளபளத்தால், அங்கே துளைகள் அடைபட்டுவிட்டன என்று பொருள்.

பக்கத்துப் பாத்திக்காரர் ஒருவர், நல்ல உழைப்பாளி, ஒரே பிற்பகலில் தமது இடம் முழுவதையும் புரட்டிப்போட்டார். காலணியில் அப்பிய சேற்றைக் குச்சியால் வழித்து எறிந்துவிட்டு மறுபடியும் இறங்கியவரிடம், "இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமே தம்பி" என்றேன். "வெயில் இருக்கும்போதே முடித்துவிடுகிறேன் ஐயா, அப்புறம் மழை வந்தால் வேலை கெட்டுவிடும்" என்றார். அந்தக் கட்டிகள் காய்ந்தபின் சுத்தியலால் தட்டித்தான் உடைக்க வேண்டியிருந்தது. கோடை மழையில் அவருடைய பாத்தியில் மட்டும் தண்ணீர் நின்றது, அவரைச் செடி மஞ்சளித்தது, கேரட்டுகள் கிளைத்தும் முறுக்கியும் வந்தன. அவர் முதலில் விதையைக் குறை சொன்னார், பிறகு உரத்தை மாற்றினார், பிறகு தண்ணீரைச் சந்தேகித்தார். மண்ணைப் புரட்டிய அந்தப் பிற்பகலை மட்டும் அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை.

எனக்கு எரிச்சல் தருவது இதுதான். தவறு நடந்த நாளுக்கும் அதன் பலன் தெரியும் நாளுக்கும் இடையில் சில மாதங்கள் ஓடிவிடுவதால், அந்த இடைவெளியில் நாம் செய்த வேறு ஏதோ ஒன்றின்மேல் பழி விழுகிறது. குடும்பச் சண்டைகளிலும் வேலையிடத்து மனக்கசப்புகளிலும் இதே கணக்குப் பிசகை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நேற்றைய சொல்லுக்காகச் சண்டை நடக்கும், காரணமோ போன பருவத்தில் கிடக்கும்.

பதம் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். 10 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் கொத்தலாம். உதிராமல் அமுங்கி விரல் தடம் பதிந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். மணற்பாங்கான மண் சீக்கிரம் பதத்துக்கு வரும், களிமண் வாரக்கணக்கில் காக்க வைக்கும். காத்திருக்கும் நாட்களில் பாத்திக்குள் போயே ஆகவேண்டுமென்றால், எடை பரவும்படி ஓர் அகலமான பலகையைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள். ஏற்கெனவே இறுகிப்போன மண்ணை மேலும் கொத்திச் சரிசெய்ய முயல வேண்டாம். மட்கு உரத்தை மேலே பரப்பிவிட்டு, ஆழமாக வேரிறங்கும் மூடுபயிர் (மண்ணை மூடிக் காக்க வளர்க்கும் பயிர்) ஒன்றை வளர விடுங்கள். வேரும் மண்புழுவும் நனைந்து காயும் சுழற்சியும் சேர்ந்து அதைத் தளர்த்தும், ஆனால் சில ஆண்டுகள் ஆகலாம்.

காற்றின் சூட்டைப் பார்த்து விதைப்பது

நமக்குச் சட்டை போதும் என்று தோன்றும் நாளில் மண் இன்னும் குளிர்ந்தே இருக்கும். பட்டாணியும் லெட்யூஸ் கீரையும் 5 டிகிரி செல்சியஸ் அளவிலேயே மெல்ல முளைத்துவிடும். பீன்ஸுக்கு ஏறக்குறைய 15 டிகிரியாவது வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த ஈரத்தில் ஊறி விதை அழுகிப்போகும். காலை நேரத்தில், விதைக்கும் ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். பொறுத்து விதைத்தவரின் வரிசை, முந்தி விதைத்துத் திணறியவரின் வரிசையை எட்டிப் பிடித்துத் தாண்டிப் போவதைப் பலமுறை பார்த்தாயிற்று. முளைத்த பிறகும் கவனம் வேண்டும்: மேகமும் காற்றும் இல்லாத தெளிந்த இரவுகளில்தான் உறைபனி எளிதாக விழும், அதுவும் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் முதலில்.

நாற்றை ஒரே நாளில் வெளியே தள்ளுவது

வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வளர்த்த நாற்றின் இலைக்கு மெழுகுப் படலம் மெல்லியதாகவே இருக்கும். நேர்வெயில் பட்டதும் இலை வெளுத்துக் கருகும், காற்றில் தண்டு ஒடியும். முதல் நாள் நிழலில் ஓரிரண்டு மணி நேரம் வைத்துத் தொடங்கி, 7 முதல் 10 நாட்களில் படிப்படியாக வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க வேண்டும். இதற்கு அஞ்சி உள்ளேயே வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுடைய நாற்று வெளிச்சம் தேடி நெட்டையாக நீண்டு, தன் தலையைத் தானே தாங்க முடியாமல் சாயும். பிள்ளை வளர்ப்பு பற்றி யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் சொல்கிறேன், கேட்காவிட்டால் சொல்வதில்லை.

நெருக்கி நடுவது

நெருக்கமாக முளைத்த செடிகளில் சிலவற்றைப் பிடுங்கிக் களைய மனம் வராதவர்கள் கேரட் விதைக்க வேண்டாம்.

பூக்கும் முன்பே கவாத்து செய்வது

லைலாக், ஃபோர்சித்தியா போன்ற புதர்கள் இளவேனிலில் பூக்கும் மொட்டுகளை முந்தைய ஆண்டிலேயே கட்டி வைத்துவிடுகின்றன. இப்போது கத்தரித்தால் வெட்டுப்படுவது இந்த ஆண்டின் பூக்கள். பூத்து முடிந்த பிறகு வெட்டுங்கள்.

தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) அள்ளிக் கொட்டுவது

இலை மட்டும் வேண்டுமானால் செய்யலாம்.

அடுத்தவர் பாத்தியைப் பார்த்து நாள் குறிப்பது

மேட்டுப்பாத்தியும் மணற்பாங்கும் உள்ளவருடைய இடம், களிமண் பள்ளத்தில் இருப்பவருடையதைவிட வெகு முன்னதாகவே காய்ந்துவிடும்; சுவரோரப் பாத்தி திறந்தவெளிப் பாத்தியைவிடச் சூடாக இருக்கும். அவர் விதைத்துவிட்டார் என்பது உங்கள் மண்ணைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அதற்குப் பதில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்: என்றைக்குக் கொத்தினீர்கள், அன்று உருண்டை உதிர்ந்ததா, விதைத்த காலையில் மண் எத்தனை டிகிரி, கடைசி உறைபனி எப்போது விழுந்தது. கோடையில் செடி மஞ்சளித்து, உரக்கடைக்குக் கிளம்பத் தோன்றும்போது முதலில் அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள்.