பழைய செங்கல் கிடங்குகளைச் செப்பனிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ஜார்ஜ் டவுனில், ராஜாஜி சாலைக்குப் பின்னால் உள்ள தெருக்களில், துறைமுக வணிகத்துக்காகக் கட்டப்பட்ட செங்கல் கிடங்குகள் சில இன்னும் நிற்கின்றன. அவற்றை இடிக்காமல் அலுவலகமாகவோ உணவகமாகவோ மாற்ற இளம் பொறியாளர்கள் முன்வருவது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சுவரில் முளைத்த அரசஞ்செடியை வேரோடு எடுக்க வேண்டும், மழைநீர்க் குழாயில் அடைப்பு இருக்கக்கூடாது என்பதெல்லாம் எந்த மேஸ்திரிக்கும் தெரியும். ஆகவே அவற்றை இங்கே எழுதவில்லை.

அளந்து வரையாமல் கைவைத்தல்

வரைபடமும் நிழற்படமும் தயாராகும்வரை ஒரு பிடிச் சாந்தைக்கூட உதிர்க்காதீர்கள்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுதல்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். பழைய கிடங்குகளின் சுவர் இரண்டடி, சில இடங்களில் அதற்கும் மேல் கனமிருக்கும். சூளைச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியிருப்பார்கள். ஈரத்தடுப்புப் படுகை எதுவும் அடியில் இராது. கடலுக்கு அருகில் உள்ள மண்ணிலிருந்து உப்புநீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறிக்கொண்டே இருக்கும். அந்த ஓதம் சுண்ணாம்புச் சாந்தின் வழியாகவும் பூச்சின் வழியாகவும் வெளியே ஆவியாகிவிடுவதால்தான் சுவர் நூறாண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூச்சை ஏற்றினால் ஆவி போகும் வழி அடைபடுகிறது. நீர் இன்னும் உயரமாக ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் தங்கிப் படிகமாகி, செங்கல்லின் முகத்தைப் பிளந்து தள்ளுகிறது. சிமெண்ட்டிலேயே கரையக்கூடிய உப்புகள் இருப்பதால் அதுவும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு தானிய மண்டிக் கிடங்கில் இதை நேரில் பார்த்தேன். ஒப்பந்தக்காரர் தரைமட்டத்திலிருந்து ஆளுயரத்துக்குப் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசி, மேலே ஈரம் புகாத பெயிண்டும் அடித்திருந்தார். இரண்டு மழைக்காலம் சுவர் பளபளப்பாகவே இருந்தது. என்னை அழைத்தபோது, பூச்சு முடியும் இடத்துக்கு மேலே வெள்ளையாக உப்புப் பூத்து ஒரு பட்டை ஓடியிருந்தது. கரண்டியின் பிடியால் தட்டினால் உள்ளே வெற்றிடமான ஓசை கேட்டது. கொத்தனார் உளியை விட்டு நெம்பியதும் பூச்சு கதவளவுப் பலகையாகக் கழன்று விழுந்தது; அதன் பின்புறத்தில் செங்கல்லின் முகமே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மீதியிருந்த செங்கல்லை விரலால் தேய்த்தபோது செம்பொடியாக உதிர்ந்தது. பூச்சைப் பெயர்த்துவிடலாம், பணமும் எப்படியாவது புரளும். அந்தச் செங்கல்லின் முகம் மட்டும் திரும்ப வராது.

"சிமெண்ட் உறுதியானதுதானே?" என்று ஒவ்வொரு பணியிலும் யாராவது கேட்கிறார்கள். அந்த உறுதியால்தான் கேடு. சுவர் வெயிலிலும் மழையிலும் சற்றே அசையும்போது, மென்மையான சாந்து அந்த அசைவை வாங்கிக்கொள்ள வேண்டும். சாந்து செங்கல்லைவிட வலுவாக இருந்தால் விரிசல் செங்கல்லில் விழும். சாந்து உதிர்ந்தால் மீண்டும் திணிக்கலாம், செங்கல்லை அப்படிச் செய்ய முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். பழைய சாந்தில் ஒரு கட்டியை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் தங்கும். இரண்டின் விகிதம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். சாந்தில் கிளிஞ்சல் துணுக்கு இருந்தால் அதுவும் கரைந்துவிடும் என்பதால், அமிலத்தில் இடுவதற்கு முன்பே கண்ணாலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செங்கற்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளை அரைவை இயந்திரத்தால் அறுக்காமல், கையுளியால் இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, நனைத்து, நன்கு ஊறிய சுண்ணாம்புச் சாந்தைத் திணிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் மெல்ல இறுகும் என்பதால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் பொறுத்திருங்கள். கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் வழக்கம். சேப்பாக்கத்தில் அரசு செப்பனிட்ட பழைய மாளிகையிலும் அவற்றைப் பயன்படுத்தினார்கள். உப்பு மிகுந்த சுவருக்கு முதலில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சைப் பூசி, அது உப்பை வாங்கிக்கொண்டபின் உதிர்த்துவிட்டு மறுபடி பூசுங்கள். அந்த முதல் பூச்சு வீணாகிறதே என்று உரிமையாளர் வருந்துவார். அது வீணாவதற்கென்றே பூசப்படுவது என்பதை வேலை தொடங்கும் முன்பே அவருக்கு விளக்கிவிடுங்கள்.

மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தல்

வேண்டவே வேண்டாம். சூளையில் வெந்து இறுகிய மேற்பரப்பு போய்விட்டால் செங்கல் மழைநீரை உறிஞ்சத் தொடங்கும்.

மெட்ராஸ் டெரஸைப் பெயர்த்தல்

தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் கோணலாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு அடித்துக் கெட்டித்த தளம் அது. ஒழுகுகிறது என்று அதைப் பெயர்த்துக் கான்கிரீட் போடுவோர், சுவரின் தலைப்பில் புதிய பாரத்தையும் விறைப்பையும் ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் உளுத்திருப்பது சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் முனை மட்டுமே. அந்த முனையை வெட்டி ஒட்டுப் போட்டால் போதும். தீக்கு அஞ்சித் தேக்கை எடுத்துவிட்டு மூடப்படாத இரும்பை வைப்பதும் தவறு. கனமான மரம் மேற்பகுதி கரிந்தபடி நேரம் தாங்கும், இரும்போ சூட்டில் வளைந்துவிடும். ஜெர்மனியின் ஹாம்புர்க் கிடங்கு வளாகத்தில் 1891-இல் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகு, புதிய கட்டடங்களில் இரும்புத் தூண்களை விட்டு மரத்தூண்களுக்கே திரும்பினார்கள்.

பட்டியலைப் பார்த்து முடிவுகட்டுதல்

நீதிபதி பத்மநாபன் குழு 2010-இல் அளித்த அறிக்கையில் சென்னையின் 467 பாரம்பரியக் கட்டடங்கள் இடம்பெற்றன. அதில் இல்லாத கிடங்கு மதிப்பற்றது என்று எடுத்துக்கொள்வதும், இருப்பது தானாகவே பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதும் ஒரே அளவு தவறு. ஜார்ஜ் டவுனின் தென்பகுதியில் வேலை செய்வோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு அனுமதி தேவை என்று 2010-இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம் கூறுகிறது. தடைப் பகுதிக்குள் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி பெற வேண்டும். எனவே ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே, அருகிலுள்ள புனித ஜார்ஜ் கோட்டையின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து உங்கள் கிடங்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அளந்து, அந்த அளவையும் சாந்துச் சோதனையின் முடிவையும் விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள்.